பெயர் வளைவு

கோஸ்தாமூரா
3 பிப்ரவரி 1991

எர்சிலியா,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அரிசி மூட்டையை நேற்றுதான் பிரித்தேன். வேகவைத்துத் தின்றேன். ராத்திரி முழுக்க வயிற்றுக்குள் தவளை கத்தியது. உங்கள் வெர்செல்லிப் பக்கத்து ஆட்கள் நெல் வயலில் இறங்கினால் தவளையையும் பிடித்துச் சட்டியில் போட்டுக்கொண்டுதானே கரையேறுவீர்கள். கோபித்துக்கொள்ளாதே. ஊரில் எல்லோரும் உன்னை இன்னும் தவளைக்காரி என்றுதான் சொல்கிறார்கள். நான் மட்டும் பெயர் சொல்கிறேன்.

ஒரு சேதி. மாகாண அரசு எங்கள் மலை வழியாகச் சைக்கிள் பாதை போடுகிறது. புது ரோடு எதுவும் இல்லை, எங்கள் பழைய பந்தய வழியேதான், திசை மட்டும் தலைகீழ். ஆற்றங்கரையில் தொடங்கித் திராட்சைத் தோட்டங்கள், ஹேசல் கொட்டைத் தோப்பு, மேலே கணவாய், பிறகு கோயில் பக்கமாக இறக்கம். இறங்கும்போது ஆல்ப்ஸ் மலை முழுக்க எதிரில் நிற்கும், உனக்குத் தெரியாததா. முக்கு முக்குக்குப் பழுப்பு நிறப் பலகை. ஜெர்மன்காரனும் டச்சுக்காரனும் கால் மயிரை மழித்துக்கொண்டு வந்து இறங்கப் போகிறார்கள். அவர்கள் இளைப்பாறும் இடம் என் ஒயின் பாதாள அறை. அரை கிளாஸ் தோல்செத்தோ ஒயின், ரொட்டி, பச்சை மூலிகைச் சாற்றில் ஊறிய நெத்திலி. போதும் அவர்களுக்கு.

பாதை போட வந்த பூசேத்தோ என்ற இன்ஜினியர் பையன், வெறும் காட்சியை வைத்துக்கொண்டு யாரையும் மலை ஏற்ற முடியாது, திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு கதை வேண்டும் என்றான். நான் நம் கதையைச் சொன்னேன்.

"எங்க ஊர்ல சான் ரோக்கோ திருவிழாப் பந்தயத்துக்கு மொத நாளு, வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் ரோட்டுல இறங்கிருவாங்க தம்பி. அவங்கவங்க ஆளு பேரை எழுதுறதுக்கு. பெயின்ட் கெடையாது, கொடிக்கு அடிக்கிற மருந்துதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும். நீலமா இருக்கும், மழை வந்தா போயிரும். ஆனா ஏத்தத்துல மட்டுந்தான் எழுதணும். எறக்கத்துல எழுதுனா, ஈரம் பட்டுச்சுன்னா சோப்பு."

அதற்குமேல் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்பத்திரண்டில் நீ ஏற்றத்தில்தான் எழுதினாய். பந்தயத்தன்று காலை ஓடைப் பக்கம் மண் சரிந்தது, வழியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள், ஏற்றம் இறக்கமாகிவிட்டது, தூறல் வேறு. ஜெயித்தால் மிலான் அணிக்காரன் என்னைக் கூட்டிப்போகக் கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தான். பூசேத்தோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதிக்கொண்டான். பலகை வரப்போகிறது. இதுதான் வாசகம்:

'பெயர் வளைவு. தன் காதலி எர்சிலியா அன்போடு சாலையில் எழுதிய தன் பெயரிலேயே வழுக்கி, ஒத்தாவியோ பெர்ரூதி இங்கே விழுந்தார்.'

நன்றாக இருக்கிறது, இல்லையா? நான் உன்னை மன்னித்துப் பல காலம் ஆயிற்று என்பதையும் சேர்க்கச் சொன்னேன். இடம் போதாது என்றுவிட்டான்.

திராட்சைக் கொடி வெட்டக் கவாத்துக் கத்திரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். இந்த வருடம் எப்போது வருகிறாய்?

ஒத்தாவியோ


வெர்செல்லி
11 பிப்ரவரி 1991

அன்புள்ள ஒத்தாவியோ,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். பள்ளிச் சமையலறையில் மதியப் பாத்திரம் கழுவிய பிறகு, அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த முறை கவாத்துக்கு வர முடியாது. உன்னிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் அரிசி மூட்டையை அனுப்பினேன். மே மாதம் எனக்குக் கல்யாணம். அவர் பெயர் வலேரியோ, கால்வாய் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனைவி இறந்துவிட்டாள், பத்து வயதில் நிவெஸ் என்று ஒரு பெண் இருக்கிறாள். அந்தப் பெண் எதைப் பார்த்தாலும் படிப்பாள். கடைப் பலகை, தீப்பெட்டி, லாரியின் பின்பக்கம், எதையும் விடமாட்டாள். ஒருநாள் அவள் அந்த மலைக்கு வந்து உன் பலகையையும் படிப்பாள்.

என் பெயரை எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். 'காதலி' என்று மட்டும் இருக்கட்டும். கோஸ்தாமூராவில் என்னைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஜெர்மன்காரர்களுக்கும் தெரிய வேண்டுமா?

நான் எதையும் மறக்கவில்லை. முடிவுக் கோட்டில் துண்டும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தவன் நீ இல்லை. இரண்டாவதும் இல்லை. அப்புறம் ரொட்டிக்காரரின் வண்டி வந்தது, பின்கதவு திறந்திருந்தது, உன் கால் இருந்த விதத்தைப் பார்த்து நான் துண்டைக் கீழே போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "உன் எழுத்துதான் எர்சிலியா." அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. வருடா வருடம் உன் தோட்டத்துக்கு வந்தபோதெல்லாம் கீழ் ரோடு வழியாகத்தான் வந்தேன், போனேன். கவாத்துக்கும் அறுவடைக்கும் நீ கேட்காமலே வந்தேன். நீயும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால். வலேரியோ எனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கினார். முதலில் மாட்டேன் என்று அழுதேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்களுக்கு நடுவே மூன்று பேருமாகப் போகிறோம். உனக்கு இது வலிக்கும் என்று தெரியும். மறைக்க மனமில்லை.

பெயரை எடுத்துவிடு.

எர்சிலியா


கோஸ்தாமூரா
20 பிப்ரவரி 1991

எர்சிலியா,

வாழ்த்துகள். மதகைத் திறந்து மூடுகிற மாப்பிள்ளை! தண்ணீரை விட்டால் ஓடுகிறது, நிறுத்தினால் நிற்கிறது. அப்படி ஒரு வேலையில் இருப்பவனுக்கு நீ பொருத்தம்தான்.

சைக்கிள் பழகினாயாமே. உங்கள் ஊரில் அதற்கு என்ன பழக வேண்டியிருக்கிறது? மேசை மேல் உருட்டுவது மாதிரி. ஏற்றம் என்றால் வாய்க்கால் பாலம், இறக்கம் என்றால் அதன் மறுபக்கம். சந்தோஷம். ஒருவனுடைய காலை எடுத்துக்கொண்டவள் தன் காலால் ஓட்டிப் பார்ப்பதில் தப்பென்ன?

என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வலது முழங்கால் மடங்காது என்பதால் பாதாள அறைப் படிகளில் பக்கவாட்டில் இறங்குகிறேன், நண்டு மாதிரி. பீப்பாய்க்குப் பின்னால் ஏதாவது விழுந்தால் அது அங்கேயே கிடக்கும். கவாத்துக்கு ஆள் இல்லை. தோட்டத்தில் பாதி வெட்டாமல் நிற்கிறது. கிளேலியாவின் காபிக் கடையில், "எங்கடா உன் தவளை, இந்த வருசம் தாவி வரலியா?" என்று சிரிக்கிறார்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது.

பலகையில் ஓர் எழுத்தும் மாறாது. 'காதலி' என்று மட்டும் போட்டால் யாரோ எவளோ என்று ஆகிவிடும், கதைக்கு உயிர் இருக்காது. பூசேத்தோவும் அதையே சொல்கிறான்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. நீ இங்கே வந்துவிட்டால், வந்து இருந்துவிட்டால், அப்புறம் அது வீட்டுச் சமாச்சாரம். பொண்டாட்டி பெயரை ரோட்டில் போட்டு ஊர் சிரிக்கவைக்க எனக்கென்ன பைத்தியமா? நானே போய் அழித்துவிடுவேன். பலகையில் இருக்கிறாயா, என் வீட்டில் இருக்கிறாயா, நீயே முடிவு செய்.

உன் வலேரியோவுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பணிவாகத்தான் எழுதினேன். பலகை வாசகத்தை அப்படியே எடுத்து எழுதி, இவள் எதற்காக வருடம் இரண்டு முறை மலை ஏறி வந்தாள் என்பதையும் சொன்னேன். கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது பார்.

ஒத்தாவியோ


வெர்செல்லி
14 ஏப்ரல் 1991

ஒத்தாவியோ,

உன் கடிதம் வலேரியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் படித்துவிட்டுச் சத்தம் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதகு பார்க்கப் போய்விட்டார். சாயங்காலம் வந்துதான் பேசினார். இந்த விபத்தை நான் அவரிடம் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். கவாத்தையும் அறுவடையையும் சொல்லவில்லை. உறவுக்காரர் தோட்டம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"அவன் கால் மேல எனக்கு ஒண்ணும் இல்ல எர்சிலியா. பாவம். ஆனா நீ தப்புப் பண்ணுனவ மாதிரியே எந்திரிக்கிற, தப்புப் பண்ணுனவ மாதிரியே படுக்குற. உன்னக் கட்டிக்கிட்டா நான் எங்க நிக்கிறது? அவனுக்குப் பின்னாடியா?"

முதலில் போய் அதை முடித்துவிட்டு வா, அதுவரை கல்யாணம் வேண்டாம் என்றார். எப்படி முடிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. நிவெஸ் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, "நீங்க யாரையாச்சும் கொன்னுட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதன் பிறகு தலை பின்ன என்னிடம் வருவதில்லை.

சரி. நீ ஜெயித்தாய். செப்டம்பரில் வருகிறேன். திறப்பு விழாவுக்கு வருகிறேன், அறுவடைக்கு வருகிறேன், அதன் பிறகு திரும்பிப் போகவில்லை. கணக்குப் பார்த்தால் அதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. உன் கால் என்னால் போயிற்று, என் நடை உன்னோடு இருக்கட்டும். உன் மேல் எனக்கு அன்பு மிச்சம் இருக்கிறதா என்று கேட்காதே. இருந்தது. அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிய மத்தியானம், உன் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் நான் என் உயரத்துக்கு எழுதினேன்.

பெயரை மட்டும் எடுத்துவிடு.

எர்சிலியா


கோஸ்தாமூரா
28 ஜூலை 1991

என் எர்சிலியா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் வேலை. வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். உன் அறையில் ஜன்னல் கண்ணாடி மாற்றியிருக்கிறது. கோழிக் கூண்டும் போட்டாயிற்று, உனக்குப் பொழுது போக வேண்டுமே. நீ வருகிறாய் என்று கிளேலியாவிடம் சொன்னேன். அவள் கிளாஸ் துடைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு எப்போதும் என் மேல் ஒரு கண், விடு.

பலகை வந்து நட்டாயிற்று. எனாமல், வெள்ளை எழுத்து. உன் பெயர் இருக்கத்தான் இருக்கிறது. முகத்தைச் சுளிக்காதே. எனாமலை அழிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. நீ வந்து, அறுவடை முடிந்து, குளிர்காலமும் இருந்து காட்டு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே அழித்துவிட்டு நீ ரயில் ஏறிவிட்டால் நான் என்ன செய்வேன்?

நடும்போது ஒரு கூத்து. பூசேத்தோ பலகையைக் கீழே, தோட்டச் சாமான் வைக்கும் பழைய செங்கல் அறை வளைவில் வைக்கப் பார்த்தான். அங்கே இடம் விசாலம், சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படம் எடுக்கலாம் என்றான். எனக்கு வந்ததே கோபம். தடியை ஊன்றிக்கொண்டு அவனை மேலே தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"தம்பி, விழுந்தவன் நான். இந்தா, இந்த இடம். சுவத்துல பெடல் கிழிச்ச கோடு இன்னும் இருக்கு, கைய வச்சுப் பாரு. ஒரு அடி அங்க இங்க போனாலும் பொய்யாயிரும்."

தொட்டிக்குப் பக்கத்திலேயே, கோட்டுக்கு நேர் எதிரே நட்டார்கள். நாங்கள் சைக்கிள்காரர்கள். எங்கே கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு கிளம்பினோம், எங்கே விழுந்தோம் என்பதில் ஓர் அங்குலம் மாற்றிச் சொல்லமாட்டோம். தாய் மேல் பொய்ச் சத்தியம் செய்தாலும் செய்வோம், இதில் வராது.

செப்டம்பர் எட்டு, ஞாயிறு, திறப்பு விழா. பலகைக்குப் பக்கத்தில் நின்று நான் பேசுகிறேன். நீ என் பக்கத்தில் நிற்பாய். நல்ல உடுப்பாகக் கொண்டுவா.

உன் ஒத்தாவியோ


வெர்செல்லி
19 ஆகஸ்ட் 1991

ஒத்தாவியோ,

உன் கடிதத்தில் 'தண்ணீர்த் தொட்டி' என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. பல நாள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் நினைவு பிசகுகிறது என்று நினைத்தேன். அதனால் போய்ப் பார்த்துவிட்டேன்.

சான் ரோக்கோ திருவிழாவுக்கு மறுநாள், வலேரியோவின் சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு வந்தேன். உனக்குத் தெரியாது. ஆற்றங்கரையில் இறங்கி, புதுப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன், வெட்கம் இல்லை. கொடிகளில் மருந்து நீலம் இலை இலையாக ஒட்டியிருந்தது. ஹேசல் தோப்பில் கீழே விழுந்த கொட்டைகளை வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள், நான் யாரென்று தெரியாமல். கணவாயில் காற்று வாங்கிக்கொண்டு நின்றேன். எதிரில் ஆல்ப்ஸ். அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் இந்த இடத்தை நான் நரகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இறங்கினேன். இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, மெதுவாக. முதலில் தொட்டி வந்தது. உன் பலகை. சுவரில் நீ சொன்ன கோடு, விரலை வைத்துப் பார்த்தேன், ஆழமாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு, அதற்கும் கீழே இன்னொன்று. அப்புறம்தான் செங்கல் அறை.

நான் எழுதியது செங்கல் அறை முன்னால், ஒத்தாவியோ. வாளியை அந்த வாசற்படியில்தான் வைத்தேன். படியில் நீல வட்டம் இன்றைக்கும் இருக்கிறது, உன் கோடு மாதிரியே. தொட்டிப் பக்கம் நான் ஏறவே இல்லை, அதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது.

நீ மேலேயிருந்து வந்தாய். மேலேயே விழுந்துவிட்டாய். என் எழுத்துக்கு நீ வந்து சேரவே இல்லை.

அந்த வாசற்படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அழுகைகூட வரவில்லை. அப்புறம் ஊருக்குள் இறங்கினேன். உன் பாதாள அறை வாசலில் நாலைந்து டச்சுக்காரர்கள். நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன். நீ ரொட்டி அறுத்துக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தாய். கையால் ரோட்டில் எழுதிக் காட்டினாய், வழுக்கிக் காட்டினாய். "பொம்பள அன்பு இருக்கே, அது ஈரச் சுண்ணாம்பு. கால வச்சா தெரியும்" என்றாய். ஒருவன் மொழிபெயர்த்தான், எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கமும் ஒரு கிளாஸை நீட்டினாய். முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாங்கிக் குடித்தேன். நான் பறித்த பழமாகத்தான் இருக்கும்.

கிளேலியா மட்டும் என்னைக் கண்டுகொண்டாள். கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்காரவைத்தாள். நான் கேட்கும் முன்பே அவளே ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் தொட்டிப் பக்கம் நின்று பார்த்தவள்.

"அவன் திரும்பிப் பாத்தாம்மா. பின்னாடி வர்றவன் எவ்ளோ தூரத்துல இருக்கான்னு தலையத் திருப்பி, பல்லக் காட்டிச் சிரிச்சான். நேரா சுவத்துல போயி அடிச்சான். நாங்க ஏழெட்டுப் பேரு பாத்தோம்."

எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவன் எங்க பையன். காலு வேற போச்சு. எறக்கத்துல திரும்பிப் பாத்து விழுந்தான்னா, சாகுற வரைக்கும் சிரிப்பாங்க. நீ... நீ வெளியூரு. ஒரு வருசம் அழுதுட்டுப் போயிருவேன்னு நெனச்சோம். நீ திரும்பத் திரும்ப வந்த. அப்புறம் எப்படிச் சொல்றது?"

ஒன்பது அறுவடை. உன் பெயரை எழுதியதற்காக என் கையை நானே வெறுத்திருக்கிறேன். கரண்டி பிடிக்கும்போதுகூட. உன் வாயால் ஒருமுறை சொல். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஏன் என்று மட்டும் சொல்.

எர்சிலியா


கோஸ்தாமூரா
26 ஆகஸ்ட் 1991

எர்சிலியா,

கிளேலியா வாயை மூடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சரி, தெரிந்துகொண்டாய். இப்போது என்ன?

ஏன் என்று கேட்கிறாய். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தேன், காலைப் பார்த்தேன், பக்கத்தில் நீ. யார் மேலாவது போட வேண்டியிருந்தது. வாயில் உன் பெயர் வந்தது. நீ உடனே நம்பினாய். ஒரு கேள்வி கேட்டாயா? மலைக்கு ஏறி ஒரு தடவை பார்த்தாயா? பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அது என் தப்பா?

உண்மையைச் சொல்லியிருந்தால் நீ கவாத்துக்கு வந்திருப்பாயா? நொண்டிக்கு யார் வருவார்கள்? ஆறு மாதம் பரிதாபப்பட்டுவிட்டு வேறொருவன் சைக்கிளில் ஏறியிருப்பாய்.

இன்னொன்று சொல்கிறேன். நீ எழுதினாய்தானே? சுண்ணாம்பைக் கரைத்து, பெரிதாக, ரோடு முழுக்க? நான் தொட்டியடியில் விழாமல் தப்பியிருந்தால் செங்கல் அறையில் விழுந்திருப்பேன். இரண்டு வளைவு முன்னால் விழுந்தேன், அவ்வளவுதான். உன் எழுத்து எனக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் நீ ரொம்பச் சுத்தமானவள் என்று நினைத்துக்கொள்ளாதே.

எட்டாம் தேதி வா. வந்து என் பக்கத்தில் நில். நீ எதை வெளியே சொன்னாலும் உன்னை யார் நம்பப்போகிறார்கள்? பலகை என் பக்கம் இருக்கிறது. ஊர் என் பக்கம் இருக்கிறது. உன் மதகுக்காரனும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

கீழ்ச்சரிவில் தோல்செத்தோ திராட்சை பதினைந்தாம் தேதிக்குள் பழுத்துவிடும். கூடைகளைக் கழுவி வைக்கிறேன்.

ஒத்தாவியோ


கோஸ்தாமூரா
7 செப்டம்பர் 1991

திரு. ஒத்தாவியோ பெர்ரூதி அவர்களுக்கு,

இதைக் கிளேலியாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். நாளை விழா முடிந்து, நீங்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று பேசி, மாலை எல்லாம் வாங்கிய பிறகு கொடுப்பாள். அதுவரை உங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை.

வலேரியோ விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது சரி. எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ஒன்பது வருசம் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்காம ஒருத்தன் சொன்னத நம்பிருக்க. நாளைக்கு நான் என்ன சொன்னாலும் நம்புவ. எனக்குப் பயமா இருக்கு" என்றார். நல்ல மனிதர். என் கல்யாணத்தைக் கெடுப்பதில் நீங்கள் நிஜமாகவே வென்றுவிட்டீர்கள், அதில் உங்களுக்கு நிம்மதி இருக்கட்டும். நிவெஸ் மட்டும் ரயிலடிக்கு வந்தாள். நான் யாரையும் கொல்லவில்லை என்று அவளிடம் மறுபடியும் சொன்னேன். தெரியும் என்றாள். தலை பின்னிவிடச் சொல்லித் திரும்பி நின்றாள். ரயில் வரும்வரை பின்னினேன்.

நேற்று இங்கே வந்தேன். இன்று விடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். கிளேலியாதான் கூட வந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு காலம் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தவள், இதையாவது பிடிக்கிறேன் என்றாள்.

பயப்பட வேண்டாம், ரோட்டில் எழுதவில்லை. இறக்கத்தில் எழுதக் கூடாது என்று எனக்கும் தெரியும், அங்கே வருகிறவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செங்கல் அறையின் சுவரில் எழுதினேன், ரோட்டைப் பார்த்த பக்கம். அந்த அறையின் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான். முன்பு எழுதிய அதே அளவு, என் உயரத்துக்கு, அதே நீலம். ஆனால் கொடி மருந்து இல்லை. கப்பல்களுக்கு அடிக்கிற பெயின்ட், மழைக்குப் போகாது என்று கடைக்காரர் சொன்னார். 'ஒத்தாவியோ'. கீழே சின்னதாக, 'சான் ரோக்கோ பந்தயம், 1982. எர்சிலியா இங்கே எழுதியது.' வேறு ஒரு வார்த்தையும் இல்லை. வாசற்படியில் பழைய நீல வட்டம் அப்படியே இருக்கிறது, அதை நான் தொடவில்லை.

இனி என் பெயரைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டாம். எடுக்கவே கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அது அங்கே இருந்தால்தான் இது புரியும்.

நாளைக்குக் கணவாயிலிருந்து நூற்றுக்கணக்கில் இறங்குவார்கள். முதலில் தொட்டியடியில் உங்கள் பலகையைப் படிப்பார்கள். நீங்களும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பீர்கள், கைகூடக் கொடுப்பார்கள். அதன் பிறகு இரண்டு வளைவு இறங்கி, என் சுவரைப் படிப்பார்கள். எல்லோரும் சைக்கிள்காரர்கள். மேலே விழுந்தவன் கீழே இருந்த எழுத்தில் எப்படி வழுக்கினான் என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பலகை ஓர் அங்குலம்கூடத் தள்ளி நடப்படவில்லை என்று நீங்களே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். கேள்வியோடு அவர்கள் நேராக வந்து இறங்குவது உங்கள் பாதாள அறை வாசலில். அன்றைக்கும், அடுத்த நாளும், அதற்கடுத்த கோடையிலும். நீங்கள்தான் அவர்களுக்கு ரொட்டி அறுத்துக் கொடுக்க வேண்டும்.

அவர்கள் சிரிப்பார்கள். நான் நின்று கேட்டிருக்கிறேன், அந்த இடத்தில் சிரிப்பு நன்றாக எதிரொலிக்கிறது.

வரும் வழியில் உங்கள் கீழ்ச்சரிவைப் பார்த்தேன். இந்த வருடம் நல்ல காய்ப்பு, நீங்கள் சொன்னதற்கு முன்பே பழுத்துவிடும் போலிருக்கிறது. ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்சிலியா